சத்தமான அறை

தகர டப்பா ஆலையில் அவளை 'மைக்' என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

பிஸ்கட் டப்பாவுக்கும் பெயின்ட் டப்பாவுக்கும் மூடி அடிக்கிற மெஷின் அவளுடையது. கால் மிதியை அழுத்தினால் மேலிருந்து அச்சு இறங்கித் தகரத் தகட்டில் ஒரு மூடியை வெட்டித் தள்ளும். ஒவ்வொரு மூடிக்கும் ஒரு இடி. அப்படிப்பட்ட மெஷின்கள் வரிசை வரிசையாக நிற்கிற கூடம் அது. அங்கே மற்றவர்கள் ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் பக்கத்தில் போய்க் காதோடு வாய் வைத்துக் கத்துவார்கள். மைக்குக்கு அந்தக் கஷ்டம் இல்லை. நின்ற இடத்தில் நின்றபடியே, கை மூடி அடித்துக்கொண்டிருக்க, கூடத்தின் அடுத்த கோடியில் இருப்பவளிடம் நாத்தனார் வீட்டுக் கதையை ஒரு வார்த்தை சிந்தாமல் சொல்லி முடித்துவிடுவாள்.

வீட்டுக்கு வந்தாலும் அந்தக் குரல் இறங்காது. அதற்கு ஈடு கொடுத்துப் பேசிப் பேசிப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற கணவனுக்கும் குரல் ஏறிவிட்டது. உப்பு எங்கே என்று ஒருவர் கேட்டு, அடுப்புப் பக்கம் என்று இன்னொருவர் சொன்னால், தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த மனிதர் ஒருநாள் சமாதானம் செய்துவைக்கலாமென்று வந்து கதவைத் தட்டினார். அவரை உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். எதற்கு வந்தேன் என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை.

இந்த வீட்டில்தான் மகள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படித்தாள். இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பட்டம் வாங்கிய முதல் ஆள். வேன் டிரைவர் அன்றிலிருந்து மகளை 'டிகிரி' என்றே கூப்பிடுகிறார். "டிகிரி, தண்ணி கொண்டா" என்று சொல்வதில் அவருக்கு ஒரு தனி சுகம். அந்த மகள்தான் வேலைக்குப் போய்க் கையில் நாலு காசு சேர்ந்ததும் இந்தத் தீவு விஷயத்தை ஆரம்பித்தாள்.

"அம்மா, இங்க பாரு" என்று போனை நீட்டினாள். படத்தில் கடல் இருந்தது. வெள்ளைச் சுவரும் ஓட்டுக் கூரையும் இருந்தன. வராந்தாவில் ஒரு சாய்வு நாற்காலி.

"ஆளையே காணோமே. மூடிட்டாங்களா?" என்றாள் மைக்.

"ஓட்டலும்மா. ஆள் இல்லாததுதான் விசேஷமே. சின்னத் தீவு, படகுல போகணும். வண்டி கிடையாது, டிவி கிடையாது, பாட்டுகூடப் போட மாட்டாங்க. சத்தம்னு ஒண்ணே இல்ல."

"வண்டியே கிடையாதா?" வேன் டிரைவரின் முகத்தில் தொழில் கவலை தெரிந்தது. "அப்ப அந்த ஊர்ப் பிள்ளைங்க ஸ்கூலுக்கு எப்படிப் போகும்?"

"நடந்துதாம்ப்பா."

"பாவம்."

மகள் அவரை விட்டுவிட்டு அம்மாவின் பக்கம் திரும்பினாள். "எனக்கு நெனவு தெரிஞ்ச நாளா நீ அந்த டமார் டமார்லயே கிடக்குறம்மா. ஒரு தடவையாவது உன்னை அமைதியான எடத்துல உக்கார வச்சுப் பாக்கணும். அடுத்த மாசம் போறோம். நான் பேசிட்டேன்."

"போலாமே, அதுக்கென்ன" என்றாள் மைக். வாய் சொல்லிவிட்டது. மனசு மட்டும் கூட வரவில்லை.

காரணம், அவள் காதுக்குள் இருந்த கொசு.

கொசு என்று பெயர் வைத்தது அவளேதான். எப்போது குடிவந்தது என்று அவளுக்கே தெரியாது. வலி கிடையாது. ஒரு மெல்லிய விசில், இழுத்துக் கட்டிய கம்பி மாதிரி, இரண்டு காதுக்கும் நடுவில் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். மெஷின் ஓடும்போது அது இருக்கிற இடம் தெரியாது. வீட்டில் பேச்சும் பாத்திரமும் அதை மூடிவிடும். படுத்தால், இறக்கை உரசிக் கடகடக்கிற பழைய மின்விசிறி பார்த்துக்கொள்ளும். சத்தம் அடங்கிவிட்டால்தான் ஆபத்து. ஒருமுறை ஏதோ வேலையாக வங்கிக்குப் போய்க் குளிர்பதன அறையில் காத்திருந்தபோது, கொசு பெருத்து வண்டாகி, வண்டு பெருத்து ரயிலாகிவிட, கையெழுத்துப் போடாமலேயே எழுந்து வந்துவிட்டாள்.

இதை மகளிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் படித்த பிள்ளையிடம் தலைவலி என்று சொன்னால்கூட அது தலைவலியோடு நிற்பதில்லை. எதனால், எப்போதிலிருந்து, யார் பொறுப்பு என்று கேள்வி கிளம்பும். அந்த மெஷின் அடித்த மூடியில்தான் கல்லூரிக்குப் பணம் கட்டியது. கொசுவும் அதே மெஷினிலிருந்து வந்ததுதான் என்று தெரிந்தால், மகள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். பட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிடுவாளோ என்றுகூட மைக்குக்குத் தோன்றியது. ஆசை ஆசையாய்ப் பிள்ளை கொடுப்பதை அழுகையாக்க அவளுக்கு மனமில்லை. போக வேண்டும், தூங்கவும் வேண்டும், பிள்ளைக்குத் தெரியவும் கூடாது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் பேக்கிங் அக்காவிடம் போய் உட்கார்ந்தாள். டப்பாக்களை அட்டைப் பெட்டியில் அடுக்கிக் கட்டும் பிரிவின் மூத்தவள். கொசுவைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள். ஏனென்றால் அவளுக்கும் உண்டு.

"என்னுது கொசு இல்லடி, வண்டு" என்பாள் அடிக்கடி, ஏதோ தன் வீடு இரண்டு மாடி என்கிற மாதிரி.

விஷயத்தைக் கேட்டதும் பேக்கிங் அக்கா வாயில் வைத்ததை விழுங்கக்கூட இல்லை. "சத்தமே இல்லாத ஓட்டலா? ஜெயிலுக்குக்கூட போயிடலாம், அங்க கம்பியையாவது தட்டுவாங்க."

"வெளையாடாதக்கா. என்ன பண்றது?"

"எந்த ஓட்டலா இருந்தா என்ன, சத்தமா ஒரு ரூம் இல்லாமலா போகும்? மோட்டார் பக்கம், சமையல்கட்டுப் பக்கம். அதைக் கேட்டு வாங்கிக்க. ஆனா நேரடியாக் கேக்காத. சத்தமான ரூம் வேணும்னு கேட்டா கிறுக்குன்னு நெனப்பாங்க. சுத்தி வளைச்சுக் கேளு."

சுற்றி வளைத்துப் பேசுவது மைக்கின் குலத்திலேயே கிடையாது. இருந்தாலும் ஓட்டல் எண்ணைப் போட்டாள். போனைக் காதில் வைத்தாள், எடுத்துப் பார்த்தாள், மறுபடி வைத்தாள்.

"லைன்ல இருக்கீங்களா தம்பி?"

பேக்கிங் அக்கா போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டாள். ஓட்டல் மேனேஜர் இருக்கத்தான் செய்தார். பஞ்சு மேல் பூனை நடக்கிற மாதிரி ஒரு குரல்.

"கொஞ்சம் உரக்கப் பேசுங்க தம்பி."

"மன்னிக்கணும்மா. வராந்தாவுல ஒருத்தர் தூங்கிட்டிருக்கார்."

"மத்தியானத்துலயா?"

"இங்க எல்லாரும் அதுக்குத்தாம்மா வர்றாங்க."

மைக் தொண்டையைச் செருமிக்கொண்டாள். மகள் பேசியதைச் சொல்லி, அடுத்த மாதம் வருவதைச் சொல்லி, வளைக்க ஆரம்பித்தாள். "உங்க எடத்துல சத்தம் எங்கெங்க வரும்னு தெரிஞ்சுக்கணும்."

"சத்தமா? இங்க சத்தமே வராதும்மா."

"அப்படி மொத்தமாச் சொன்னா எப்படி? தண்ணி மோட்டார்னு ஒண்ணு இருக்கும்ல?"

"இருக்கு. உங்களுக்குக் குடுத்திருக்கிற ரூமுக்குக் கொஞ்சம் பக்கத்துலதான். ஆனா..."

"ஜெனரேட்டர்?"

"அதுவும் அந்தப் பக்கம்தாம்மா." பூனையின் நடை தடுமாறியது.

"சமையல்கட்டு?"

"ஒரு சுவர் தள்ளி."

"நாய் கீய் ஏதாவது?"

"ஒண்ணு இருக்கு. வயசானது. படகு வந்தா மட்டும் குரைக்கும்."

அந்தத் தீவையே எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது மைக்குக்கு. பேக்கிங் அக்காவைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, "போதும் தம்பி, ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

அவள் குரலில் சந்தோஷமும் கோபமும் ஒரே உயரத்தில்தான் நிற்கும். ஆலையில் பழகினவர்களுக்கு வித்தியாசம் தெரியும். தீவில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

இரண்டு நாள் கழித்து இரவுச் சாப்பாட்டின்போது மகள் முகமெல்லாம் மலர்ந்து, ஓட்டலிலிருந்து போனில் வந்ததைப் படித்தாள். "தங்கள் தாயாரின் மனவருத்தத்தை முழுமையாகப் புரிந்துகொண்டோம். அவருக்காகத் தோட்டத்தின் கடைசியில், கடல் சத்தம்கூட எட்டாத தனிக் குடிலை ஒதுக்கியிருக்கிறோம். கூடுதல் கட்டணம் இல்லை. தாங்கள் தங்கும் நாட்களில் ஜெனரேட்டர் இயங்காது. மோட்டார், தாங்கள் உலாவச் சென்றிருக்கும் நேரத்தில் மட்டும் போடப்படும். நாயைப் படகுக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம்."

"நாயையுமா?" என்றாள் மைக்.

"உன்னால ஒரு நாயை நாடு கடத்துறாங்க" என்றார் வேன் டிரைவர். "போன்ல என்னதான் பேசின? நீ நல்லபடியாப் பேசினாலே எனக்குக் கை நடுங்கும். அந்த ஆள் புதுசு."

மகள் சிரிக்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சத்தம் உனக்கு இவ்ளோ தொந்தரவா இருக்குன்னு எனக்குத் தெரியவே தெரியாதும்மா. நீயா போன் பண்ணிக் கேக்குற அளவுக்கு."

மைக் சோற்றைப் பிசைந்தாள். பிசைந்துகொண்டே இருந்தாள். கடல் சத்தம்கூட எட்டாத குடில். ஓடுகிற மெஷினை நிறுத்தப் போய், கை தவறி வேகத்தைக் கூட்டிவிட்ட கதையாகிவிட்டது.

அந்த வாரம் முழுக்க யோசித்து ஒரே ஒரு வழிதான் கிடைத்தது. "ஆலையில ஓவர்டைம் வரும்போல இருக்கு. நீயும் அப்பாவும் போயிட்டு வாங்களேன்" என்றாள், பாத்திரம் கழுவுகிற சாக்கில் முதுகைக் காட்டிக்கொண்டு.

மகள் உள்ளே போய்த் துணி மடித்தாள். சண்டை போட்டிருந்தால் மைக் தாங்கியிருப்பாள். அவளுக்கு அது மூடி அடிக்கிற மாதிரி. பேசாமல் துணி மடிப்பதை என்ன செய்வது என்று தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்த வீட்டில் மூன்று பேர் விழித்திருந்தும் கொசுவின் குரல் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை மகளே முதலில் சமாதானத்துக்கு வந்தாள், ஒரு எலக்ட்ரீஷியனோடு. "தீவுக்கு வர முடியலன்னா பரவாயில்லம்மா. வீட்டையாவது அமைதியா ஆக்கித் தரேன்" என்றாள். எலக்ட்ரீஷியன் மின்விசிறியைக் கழற்றி, வளைந்த இறக்கையை நிமிர்த்தி, எண்ணெய் விட்டு மாட்டினார். போட்டுப் பார்த்தார்கள். சுற்றுகிறதா இல்லையா என்று அண்ணாந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"சூப்பர்" என்றாள் மகள்.

"ம்" என்றாள் மைக்.

மதியம் எல்லோரும் படுத்தார்கள். வாரமெல்லாம் இரும்பு அறுக்கிற கீழ்வீட்டுப் பட்டறைக்கு அன்று விடுமுறை. வேன் டிரைவர் தலை சாய்ந்ததும் போய்விட்டார். மனிதர் குறட்டைகூட விடமாட்டார், அதிலும் அதிர்ஷ்டம் இல்லை. மைக் இந்தப் பக்கம் புரண்டாள், அந்தப் பக்கம் புரண்டாள். கொசு இறக்கையை விரித்துப் பறக்க ஆரம்பித்தது. பார்த்தாள். எழுந்து பின்பக்க நடையிலிருந்த வாஷிங் மெஷினில் தண்ணீரைத் திறந்துவிட்டு, பட்டனைத் தட்டி, அதன் மேல் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள். கடகடவென்று அது ஆட ஆட, அந்த ஆட்டம் முதுகெலும்பு வழியாகத் தலைக்கு ஏறியது. கொசு ஒதுங்கிக்கொண்டது. கண் தானாக மூடியது.

விழித்தபோது மெஷின் நின்றிருந்தது. மகள் அதன் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"துணி எங்கம்மா?"

"போடணும்."

"அலசி, சுத்தி, பிழிஞ்சே முடிச்சிருச்சு. இனிமே எப்பப் போடப்போற?"

மைக்குக்குப் பொய் வாயில் வரவில்லை. தூக்கக் கலக்கத்தில் உண்மைதான் முதலில் வந்தது. கொசுவைப் பற்றிச் சொன்னாள். வங்கியைச் சொன்னாள். மோட்டாரும் ஜெனரேட்டரும் நாயும் தனக்கு வேண்டும் என்றுதான் கேட்டதையும் சொன்னாள். மகள் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

"அந்த மெஷினாலதானே?" என்றாள் கடைசியில். "என்னைப் படிக்க வைக்கத்தானே..."

"இதுக்குத்தான் சொல்லல. உடனே கணக்குப் போட உக்காந்துடுவ. அந்த மெஷின் எனக்குப் பேர் குடுத்துது. அப்ப ஆலை வண்டி ஓட்டிட்டு இருந்த உங்கப்பனைக் குடுத்துது. கொசு ஒண்ணைத்தான் குடுத்துதுன்னு நீ எழுதிக்காத."

"காதுல போட்டுக்க எதுவும் தரலையா அங்க?"

"தந்தாங்க. போட்டா பேச்சு கேக்காது. பேச்சு இல்லாம எப்படி வேலை செய்யிறது?"

மகளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே மற்றதும் வந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "அமைதி வேணும்னு காதுல பஞ்சு வச்சுக்கிட்டு உக்காந்தவ நான்மா. உனக்கு என்ன வேணும்னு நான் கேக்கவே இல்ல. என் ஆசையை எடுத்து உன் பேர்ல புக் பண்ணிட்டு, உனக்குச் செய்யிறேன்னு நெனச்சுக்கிட்டேன். படிச்சு என்ன கத்துக்கிட்டேன்னு தெரியல."

"அதெல்லாம் நல்லாத்தான் படிச்சிருக்க. எதுக்கெடுத்தாலும் உன்னையே போட்டு வெட்டிக்காத. தகரம் வேஸ்ட்."

நடை வாசலில் வேன் டிரைவர் வந்து நின்றார். ஒரு கையால் லுங்கியைப் பிடித்துக்கொண்டிருந்தார். "யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலையே" என்றாள் மைக்.

"அப்ப ஏன் ரெண்டு பேரும் மெதுவாப் பேசுறீங்க? பயந்துட்டேன்."

அவருக்கும் சொன்னார்கள். "இத்தனை வருஷமா பக்கத்துல படுத்திருக்கேன்" என்றார். உள்ளே போய், நாற்காலியைப் போட்டு ஏறி, மின்விசிறியின் இறக்கையைப் பழையபடி வளைக்கப் பார்த்தார். அது சரியாக வரவில்லை. எலக்ட்ரீஷியன் நன்றாகவே வேலை செய்திருந்தார்.

மூன்று பேரும் தீவுக்குப் போவதென்று முடிவானது. திரும்பியதும் காது டாக்டரிடம் போக வேண்டும் என்றாள் மகள். வருகிறேன், ஆனால் டாக்டர் வேலையை விடச் சொன்னால் எனக்குக் காது கேட்காது என்றாள் மைக். இந்த உடன்படிக்கை முடிந்ததும் மகள் போனை எடுத்து வாஷிங் மெஷின் மேல் வைத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"சார், எங்களுக்குச் சத்தமான ரூம் வேணும்."

மறுமுனையில் மேனேஜர் பதறினார். "உங்க அம்மாவை நாங்க ஏதாவது..."

"அம்மாவுக்குத்தான் சார் வேணும். சத்தம் இருந்தாத்தான் அவங்களுக்குத் தூக்கம் வரும். அந்தத் தோட்டத்துக் குடில் எனக்கு இருக்கட்டும். நாயை எங்கயும் அனுப்பாதீங்க."

மேனேஜர் குரலை இன்னும் தாழ்த்தினார், வீட்டு ரகசியம் ஒன்றைச் சொல்கிற மாதிரி. "ஒரு ரூம் இருக்குங்க. நாங்க யாருக்கும் குடுக்கிறதில்ல. பாறை மேல கட்டினது. கீழ குடைஞ்ச மாதிரி ஒரு பொந்து. அலை உள்ள போய் மோதித் திரும்பும். தங்கினவங்க எல்லாம் விடியறதுக்கு முன்னாடி பெட்டியோட வந்து நின்னுட்டாங்க. இப்ப பழைய மெத்தையெல்லாம் அதுலதான் போட்டு வச்சிருக்கோம்."

"அங்க போய் போனைக் காட்டுங்க தம்பி" என்றாள் மைக்.

மணலில் நடக்கிற சத்தம் வந்தது. பிறகு படி. பிறகு ஒரு பூட்டு, லேசில் திறக்க மறுக்கிற பூட்டு. கதவு திறந்ததும் போனுக்குள் ஏதோ பெரிதாக இடிந்து விழுந்தது. இழுத்துக்கொண்டு போனது. மறுபடி இடிந்து விழுந்தது.

"லாரி டயர் வெடிக்கிற மாதிரி இருக்கு" என்றார் வேன் டிரைவர். "என்னை எங்க போட்டாலும் தூங்குவேன். எனக்கு ஒண்ணும் இல்ல."

"கேக்குதாம்மா?" என்று மேனேஜர் கத்தினார். அலைக்கு மேலே அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

"இப்பத்தான் தம்பி நீங்க பேசுறதே கேக்குது. கொஞ்சம் சும்மா இருங்க."

மைக் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். புது அச்சு மாற்றியதும் மெஷினை ஒருமுறை ஓட்டிப் பார்த்து அப்படித்தான் சாய்ப்பாள். மகள் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். முகத்தில் நெற்றிச் சுருக்கம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு அலைக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. ஆனால் முழுசாகப் போகவில்லை.

"என்னம்மா, போதலையா?"

"நல்ல சத்தம்தான். ஆனா அமுங்குது." மைக் இன்னும் ஒரு அலையைக் கேட்டாள். பிறகு குனிந்து போனுக்குப் பக்கத்தில் வாயை வைத்துச் சொன்னாள். "தம்பி, நாங்க வர்றதுக்குள்ள அந்த மெத்தையையெல்லாம் வெளிய எடுத்துப் போட்டுடுங்க. பாதிச் சத்தத்தை அதுங்கதான் குடிக்குது."